கண்ணாடி தேய்த்த கைகள்

(தோட்டங்களிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் கல்விச் சுற்றுலாவாக யாழ்ப்பாணம் சென்றபோது கோப்பாயில் ஓர் இரவு தங்கினார்கள். அங்கே ஆசிரியர் பயிற்சி பெறும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து அன்றிரவு ஆற்றிய உரை இது. வர முடியாமல் போனவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)

 

நல்லூருக்கும் கீரிமலைக்கும் போய், வெயிலில் அலைந்து களைத்து வந்திருக்கிறீர்கள். நிறைய நேரம் எடுக்க மாட்டோம். நாங்கள் நால்வரும் உங்களைப்போல லயத்துக் காம்பிராவில் பிறந்தவர்கள்தான். கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக்குப் படிக்க வந்த புதிதில், "நாங்க தோட்டத்துப் பிள்ளைங்க" என்று இங்குள்ள ஒரு பெரியவரிடம் சொன்னோம். "எந்தத் தோட்டம் பிள்ளையள், மிளகாயோ வெங்காயமோ?" என்று கேட்டார். இந்த ஊரில் தோட்டம் என்றால் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்துச் செய்கிற பயிர். நமக்குத் தோட்டம் என்றால் தேயிலை மலை. ஒரே சொல், இரண்டு வாழ்க்கை. ஆனால் இரண்டு பக்கமும் கைதான் சோறு போடுகிறது.

கையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதற்குக் காரணம், மத்தியானம் சாப்பிடும்போது ஓர் அம்மா எங்களிடம் கேட்ட கேள்வி. "ஏன் சார், எம் மகன் ஒம்பதாம் ஆண்டு படிக்கிறான். புத்தகத்தத் தொறந்தா தூங்குறான். ஆனா கையில வேல இருக்கு. ரேடியோவக் கழட்டிப் பூட்டுறான், ஒடஞ்ச கொடையச் சரி பண்றான். படிப்புத்தான் ஏறலையே, கொழும்புக் கடைக்கு அனுப்பிடலாம்னு அவங்கப்பா சொல்றாரு. நீங்க என்னா சொல்றீங்க?"

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தோம். ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டுப் பதிலைச் சொன்னால் நல்லது என்று தோன்றியது. அவர் தொலைகாட்டி செய்தவர், நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். பெயர் வைணு பாப்பு.

"நட்சத்திரத்துக்கும் நமக்கும் என்னா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் குடாநாட்டிலேயே, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த அலன் ஆபிரகாம் என்ற ஆசிரியர், 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்த காலத்தில் அதை ஆராய்ந்தவர். வானியலைத் தமிழில் எழுதியவர். இங்கிலாந்தின் அரச வானியல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. ஆகவே இது நமக்கு எட்டாத விஷயம் இல்லை.

இத்தாலியில் இரண்டு பேர்

பாப்புவிடம் போகுமுன், தொலைகாட்டி எங்கே வளர்ந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1609இல் இத்தாலி நாட்டில் கலிலியோ என்ற பேராசிரியர் இருந்தார். தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டும் குழாய் ஒன்று ஒல்லாந்தில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். தானே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துத் தொலைகாட்டி செய்தார். அந்த வருடம் அவர் எழுதிய கடைச் சாமான் பட்டியல் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு கடிதத்தின் வெற்றிடத்தில் எழுதியது. அதில் கண்ணாடித் துண்டு, தேய்க்கிற பீரங்கிக் குண்டு, கீல் என்று எழுதியிருக்கிறார். அதே தாளில் கொண்டைக்கடலை, சீனி, மிளகு, கராம்பு, மகனுக்குச் செருப்பு, தொப்பி என்றும் எழுதியிருக்கிறார். உலகத்தையே மாற்றிய கருவிக்கான சாமானும் வீட்டுச் சாமானும் ஒரே துண்டில்! நம்ம வீட்டு அம்மாமார் சம்பள நாளில் எழுதுகிற துண்டு மாதிரித்தான்.

1610 ஜனவரியில் அந்தத் தொலைகாட்டியை வியாழன் கோளின் பக்கம் திருப்பினார். அதைச் சுற்றி நான்கு உபகோள்கள் இருப்பதைக் கண்டார். அவற்றில் ஒன்றின் பெயர் கனிமீட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இன்னொருவர் ஜுசெப்பே கம்பானி. 1635இல் பிறந்தவர். ரோம் நகரில் பட்டறை வைத்து வில்லை தேய்த்தார். அக்காலத்தில் அவரை மிஞ்சிய கைகாரர் அரிது. அங்கேயே தொழில் செய்த திவீனி என்பவருக்கும் இவருக்கும் பெரிய போட்டி. இரண்டு பேருடைய தொலைகாட்டியையும் வைத்து, தூரத்தில் ஒட்டிய எழுத்தை எது தெளிவாக வாசிக்கிறது என்று சோதனை நடத்தினார்கள். கம்பானி தேய்த்த வில்லைகளைக் கொண்டுதான் பாரிஸ் நகரில் கசினி என்ற வானியலாளர் சனிக் கோளின் புதிய உபகோள்களைக் கண்டுபிடித்தார். கம்பானி தானும் வியாழனையும் சனியையும் கவனித்துப் படம் வரைந்து வெளியிட்டவர்.

இவ்வளவு வித்தை இருந்தும், அவர் தன் முறையை வெளியே சொல்லவில்லை. தனியான ஒரு கடைசல் இயந்திரம் செய்திருக்கிறேன் என்பார், அதைக் காட்ட மாட்டார். 1715இல் அவர் இறந்தார். பிறகு அவருடைய பட்டறைச் சாமான்களைப் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ற் விலைக்கு வாங்கி, பொலோஞா நகரத்துக் கலாநிலையத்துக்குக் கொடுத்தார். சாமான் போய்ச் சேர்ந்தது. அவருடைய கை போகவில்லை.  கம்பானியின் குறை இது ஒன்றுதான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவோடு போன பையன்

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். வைணு பாப்பு 1927 ஓகஸ்ட் 10ஆம் திகதி சென்னையில் பிறந்தார். குடும்பம் கேரளத்தின் கண்ணூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தகப்பனார் ஹைதராபாத்தில் நிசாமியா வான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். பிள்ளையும் அவரோடு ஆய்வுகூடத்துக்குப் போய் வந்து வளர்ந்தான். அப்பா என்ன செய்கிறார், எந்தத் திருகாணியைத் திருகினால் எது அசையும் என்று பார்த்துப் பார்த்துப் படித்தான். கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துத் தான் கண்டதைக் கட்டுரையாக வெளியிட்டான்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஷாப்லி என்ற பெரிய விஞ்ஞானி ஹைதராபாத் வந்தார். பாப்பு அவரைப் போய்ச் சந்தித்தார். அதன் பிறகு ஹைதராபாத் அரசாங்கத்தின் புலமைப்பரிசிலில் 1949இல் ஹாவார்ட் போனார். போன சில மாதத்திலேயே, யூலை மாதம், இரவில் எடுத்த ஒரு படத்தில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அவருடைய பெயரும், கூட இருந்த பொக், நியூகேர்க் என்ற இருவரின் பெயரும் சேர்த்து அந்த வால்வெள்ளிக்கு வைத்தார்கள். 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பிறகு வில்சன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார். அது 1957இல் வெளிவந்தது. அதை நம்ம பாணியில் சொல்கிறோம். இரவில் எதிர்மலையில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது கிட்ட இருக்கிற சின்ன விளக்கா, தூரத்தில் இருக்கிற பெரிய விளக்கா? பார்த்தவுடன் சொல்ல முடியாது. நட்சத்திரமும் அப்படித்தான். நட்சத்திரத்து ஒளியை வானவில் நிறமாகப் பிரித்தால், கல்சியம் என்ற மூலகத்தால் உண்டாகும் ஒரு கோடு தெரியும். சிலவகை நட்சத்திரங்களில் அந்தக் கோட்டுக்குள்ளே ஒளிரும் பகுதியின் அகலத்தை அளந்தால், அது உண்மையில் பெரிய விளக்கா சின்ன விளக்கா என்று சொல்லிவிடலாம். விளக்கின் பலம் தெரிந்தால் தூரமும் தெரியும். இதற்கு 'வில்சன்-பாப்பு விளைவு' என்று பெயர். உலகம் முழுவதும் படிப்பிக்கிறார்கள்.

இந்தப் பெயரோடு அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். அவர் திரும்பி வந்தார். முதலில் வட இந்தியாவில் நைனிதால் மலையில் ஓர் ஆய்வுகூடம் வளர உழைத்தார். 1960இல் கொடைக்கானல் ஆய்வுகூடத்துக்குத் தலைவராக வந்தார். அப்போது வயது 32தான்.

மிஸ்டுக்குத் தப்பிய மலை

கொடைக்கானல் நம்ம நுவரெலியா மாதிரி. குளிர், மிஸ்டு, மழை. பகலில் சூரியனை ஆராய நல்ல இடம். அந்த வேலை அங்கே 1901இலிருந்து நடக்கிறது. ஆனால் இரவில் முகில் மூடினால் என்ன பார்க்கிறது? நமக்குத் தெரியாததா! மாதக்கணக்காக ஒரு நட்சத்திரமும் காணாமல் நாம் படுத்திருக்கிறோம்.

ஆகவே பாப்பு வேறு மலை தேடினார். தமிழ்நாட்டில் வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், காவலூர் என்ற சிற்றூர்ப் பக்கத்தில் இடம் கிடைத்தது. உயரம் 700 மீற்றருக்குச் சற்று அதிகம். சுற்றிலும் காடு, நகரத்து வெளிச்சம் இல்லை. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானமும் நிறையத் தெரியும்.

அங்கே 1968இல் முதல் தொலைகாட்டியை வைத்தார்கள். அதன் ஆடி 38 சென்ரிமீற்றர் அகலம், நம்ம வீட்டுச் சுளகு அளவு. அது வெளிநாட்டில் வாங்கியதில்லை. சொந்தப் பட்டறையில் தங்கள் ஆட்களைக் கொண்டே செய்தது.

1972இல் ஜேர்மனியிலிருந்து ஒரு மீற்றர் ஆடி உள்ள தொலைகாட்டி வந்து சேர்ந்தது. அதை நிறுத்திக் கொஞ்ச நாளில், கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போவதைக் காவலூரில் கவனித்தார்கள். நட்சத்திரத்து ஒளி மங்கிய விதத்தைப் பார்த்து, கனிமீட்டைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்று அறிந்தார்கள். கலிலியோ 1610இல் இத்தாலியில் கண்ட அதே கனிமீட்! 362 வருடம் கழித்து, தமிழ் பேசும் ஒரு மலையிலிருந்து அதைப்பற்றிப் புதுச் செய்தி போனது. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்த இரவிலும் காவலூர்த் தொலைகாட்டி விழித்திருந்தது.

ரோலரும் சல்லடையும்

ஒரு மீற்றர் போதாது, இன்னும் பெரிது வேண்டும் என்று பாப்பு நினைத்தார். முழுதாக வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே செய்வோம் என்று முடிவெடுத்தார். ஆடியின் அகலம் 2.34 மீற்றர். ஏழே முக்கால் அடி வரும்! நம்ம பழைய லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் இந்த ஆடியை வைத்தால் ஆள் நடக்கக் கொஞ்ச இடம்தான் மிஞ்சும். எடை மூன்று தொன்னுக்கு மேல். கண்ணாடி வட்டு மட்டும் ஜேர்மனியிலிருந்து வந்தது. சூடு பட்டாலும் ஏறக்குறைய விரியாத தனி வகை. அதைக் குழிவாடியாகத் தேய்த்து எடுக்கிற வேலை பெங்களூரில், பாப்பு உருவாக்கிய இந்திய வானியற்பௌதிக நிறுவனத்தின் பட்டறையில் நடந்தது.

ஆடி தேய்க்கிறது எப்படி? தோட்டத்து ஆட்களுக்கு இது சுலபமாக விளங்கும். கவ்வாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுகிறீர்கள். கல்லில் தண்ணீர் விட்டு, ஒரே சரிவில், ஒரே சீராகத் தீட்ட வேண்டும். அவசரப்பட்டால் கத்தி வாய் கெட்டுப்போகும். ஆடியும் அப்படித்தான். கண்ணாடி வட்டில் கடினமான தூளையும் தண்ணீரையும் போட்டு, இன்னொரு வட்டால் தேய்ப்பார்கள். ஸ்டோரில் ரோலர் கொழுந்தின் மேல் சுற்றிச் சுற்றி வருகிறதே, அந்த மாதிரி இயந்திரம் சுற்றும். நடுப்பகுதி மெல்ல மெல்லக் குழியும். ஸ்டோரில் தூளைச் சலித்து பி.ஓ.பி. வேறு, டஸ்ட் வேறு என்று பிரிக்கிறீர்கள். அங்கேயும் தூளைப் பரல் அளவு பார்த்துப் பிரித்திருப்பார்கள். முதலில் பெரும்பரல், பிறகு சிறுபரல், கடைசியில் மாவு. கடைசி வேளையில் ஒரு பெரும்பரல் விழுந்தால் போச்சு! ஆழமான கீறல் விழும். மறுபடி பின்னுக்குப் போய்த் தொடங்க வேண்டும்.

எவ்வளவு சீராக இருக்க வேண்டும்? ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் குற்றம். தலைமுடியின் தடிப்பில் பல நூற்றில் ஒரு பங்கு அது. தேய்த்த சூட்டிலேயே சாதாரணக் கண்ணாடி அவ்வளவுக்கு வீங்கிவிடும். அதனால் தேய்ப்பதும், ஆற விடுவதும், ஒளியை விட்டுச் சோதிப்பதும், திரும்பத் தேய்ப்பதுமாக வருடக்கணக்காக வேலை நடக்கும். கண்ணாடியில் கணக்கும் வேண்டும், கையும் வேண்டும். கணக்குத் தெரியாத கை எங்கே தேய்ப்பது என்று அறியாது. கை வராத கணக்கு தாளிலேயே கிடக்கும்.

ஆடி முடிந்ததும் அதன் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சுப் போடுவார்கள். இருட்டில் நம் கண்மணி விரிந்து எடுக்கும் ஒளியைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் அந்த ஆடி ஒளியைச் சேர்க்கும்.

அவர் பார்க்காத தொலைகாட்டி

1979இல் உலகத்து வானியலாளர் எல்லோரும் சேர்ந்த சர்வதேச வானியல் சங்கத்துக்குப் பாப்பு தலைவராகத் தெரிவானார். 1981இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. ஆனால் இருதயம் கெட்டுப்போனது. ஜேர்மனியில் மியூனிக் நகரில் சத்திரசிகிச்சை நடந்தது. 1982 ஓகஸ்ட் 19ஆம் திகதி அங்கேயே காலமானார். வயது 55. பெரிய ஆடி அப்போது முடிந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ரோம் நகரத்துக் கம்பானியை நினைத்துப் பாருங்கள். அவர் தன் முறையை வெளியே சொல்லாமலே இறந்தார். பாப்பு இறந்தபோது வேலை நின்றதா? நிற்கவில்லை. அவர் எதையும் பூட்டி வைக்கவில்லை. தேய்க்க, சோதிக்க, பூச்சுப் போட, இரும்பு கடைய, மின்சுற்று அமைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்களைப் பழக்கி வைத்திருந்தார். அந்தக் கைகள் வேலையைத் தொடர்ந்தன. 1985 நவம்பரில் அந்தத் தொலைகாட்டிக்குள் முதல் நட்சத்திரத்து ஒளி விழுந்தது. 1986 ஜனவரி 6ஆம் திகதி பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து, வைணு பாப்பு தொலைகாட்டி என்று பெயர் வைத்தார். அந்நாளில் இந்தியாவிலேயே பெரியது அதுதான். 1988இல் காவலூரில் வேறொரு தொலைகாட்டியால் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் வைத்தார்கள்.

அம்மாவுக்குப் பதில்

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறோம். அம்மா, உங்கள் மகன் கெட்டிக்காரன். ரேடியோவைக் கழட்டி மறுபடி பூட்டத் தெரிந்தவனைப் படிப்பு ஏறாதவன் என்று சொல்லாதீங்க. அவனுக்கு எந்த வழியில் ஏறும் என்று நம்ம பாடசாலைகள் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது எங்களைப்போல ஆசிரியராக வரப்போகிறவர்களின் குறை. அதைத் திருத்தத்தான் நாங்கள் இங்கே வந்து படிக்கிறோம்.

வீட்டுக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். சும்மா புத்தி சொல்ல வரவில்லை. எங்களில் ஒருவருடைய அண்ணன் பத்தாம் ஆண்டோடு கொழும்பில் ஒரு கடைக்குப் போனவர். அவர் அனுப்பிய காசில்தான் வீட்டில் மற்றவர்கள் படித்தார்கள். அவரும் சின்ன வயதில் பழைய டோர்ச் லைட்டில் மோட்டார் வைத்து ஓட்டியவர்தான். இன்றைக்கும் அதே மாதிரிக் கடையில் மூட்டை தூக்குகிறார். தீபாவளிக்கு வந்தால் எல்லோருக்கும் சட்டை வாங்கி வருவார். அவர் கையில் இருந்த வித்தை எங்கே போனது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

ஆகவே சொல்கிறோம். சாதாரண தரம் முடியும்வரை பிள்ளையை நிறுத்தாதீங்க. கணக்கில் ஒரு சித்தி எடுக்க வையுங்க. அதற்குப் பிறகு வழி இருக்கிறது. உயர்தரத்தில் 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்சாரம், மோட்டார், வெல்டிங் படித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். அந்தத் தாள் கையில் இருந்தால், கடையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நிற்கிற நிலை மாறும். பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாவிட்டால், தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரிடம் கேளுங்க. விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லுங்க. கேட்க வெட்கப்பட வேண்டாம், அது எங்கள் வேலை.

அப்பாமாருக்கும் ஒன்று. பாப்புவின் தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு போனார், தன் வேலையைக் காட்டினார். நாம் என்ன செய்கிறோம்? "என் தொழில் என்னோட போகட்டும், நீ இந்தப் பக்கம் வராத" என்கிறோம். பிள்ளை கஷ்டப்படக்கூடாது என்ற பாசத்தில் சொல்கிறோம், சரி. ஆனால் கத்தி தீட்டுகிற பக்குவம், ஸ்டோரில் மெசினின் சத்தத்தைக் கேட்டே குற்றம் கண்டுபிடிக்கிற காது, கொழுந்தைத் தொட்டே பதம் சொல்கிற விரல், இவையும் அறிவுதான். பிள்ளையை மலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை இரவில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க. சொல்லிக் கொடுத்தது நிற்கும், கம்பானி மாதிரிப் பூட்டி வைத்தது நம்மோடு போய்விடும்.

எங்கள் பேச்சு முடிந்தது. வெளியே முற்றத்தில் ஒரு சின்னத் தொலைகாட்டி இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். சிறுபிள்ளைகள் முதலில், பிறகு பெரியவர்கள் என்று வரிசையாக வாங்க. நிலாவில் உள்ள குழிகள் நன்றாகத் தெரியும். ஒரு முக்கிய விஷயம்: பகலில் இதை ஒருநாளும் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது, கண் பார்வையே போய்விடும்.

அந்தத் தம்பி எங்கே? நீ முன்னுக்கு வா. அதன் கால் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. எங்கள் நாலு பேருக்கும் சரிப்படுத்தத் தெரியவில்லை. நீ கொஞ்சம் பார்த்து இறுக்கிக் கொடு. அதற்குப் பிறகு எல்லோரும் பார்ப்போம்.